கரும்பு வேர்ப்புழுவுக்கு பூஞ்சாணமும் நூற்புழுவும்: முதல்ல எது, எப்ப, எப்படி

கரும்புத் தோகை மஞ்சளா போகுது, தண்ணி பத்தலையோ யூரியா பத்தலையோன்னு நினைச்சு அதையும் இதையும் போட்டுப் பாப்போம், ஒருநாள் கோபத்துல ஒரு தூரைப் புடிச்சு இழுத்தா அப்படியே கையோட வந்துடும், அடியில வேரே இருக்காது. மண்ணைக் கிளறினா அரைவட்டமா சுருண்டு படுத்திருக்கும் வெள்ளைப்புழு, வேர்ப்புழுன்னு சொல்றதும் இதைத்தான். ஈரோடு மாவட்டத்துல சத்தி, கோபி பக்கம் இதைப் பாக்காத கரும்புக்காரர் கம்மிதான். இந்தப் புழுவுக்கு மெட்டாரைசியம் பூஞ்சாணத்தையும் பூச்சியைக் கொல்ற நூற்புழுவையும் சேத்து எப்படி யூஸ் பண்றதுன்னு முழுசா எழுதுறேன். நிலக்கடலை, பாக்கு, நீலகிரி உருளைக்கிழங்குல வர்ற வேர்ப்புழுவுக்கும் கணக்கு இதேதான், மாசம் மட்டும் கொஞ்சம் முன்னபின்ன மாறும்.

முதல் தடவை நான் பண்ணினது என்னன்னா, ரெண்டையும் வாங்கிட்டு வந்து ஒரே டேங்குல கலக்கி, பவர் ஸ்பிரேயர்ல ஃபில்டரைக் கூட கழட்டாம, மதியம் 12 மணிக்கு அடிச்சேன். பத்து நாள் கழிச்சு தோண்டினா புழு நல்லா கொழுத்துப் போய் இருக்கு. கடைக்காரரைத் திட்டினேன், ஆனா தப்பு என்மேலதான். ரெண்டுமே உயிர், ஒண்ணுக்கொண்ணு போட்டி போடும், அந்தப் போட்டியை நமக்கு சாதகமா திருப்புறதுதான் மொத்த விஷயமே. சுருக்கமா சொல்லணும்னா பூஞ்சாணம் முதல்ல, மூணு நாலு வாரம் கழிச்சு நூற்புழு. ஏன்னு தெரியாம செஞ்சா எங்கயாவது கோட்டை விட்டுடுவோம், அதனால அதைக் கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

ரெண்டும் எப்படிக் கொல்லுது

மெட்டாரைசியம் வித்து புழுவோட தோல் மேல ஒட்டி, ஈரம் கிடைச்சதும் முளைச்சு, நொதியால தோலைக் கரைச்சு ஓட்டை போட்டு உள்ள போகும். புழு அதைச் சாப்பிடணும்னு இல்ல, பட்டாலே போதும். உள்ள போய் ரத்தத்துல பெருகி, விஷமும் விட்டு, மெதுவா சாகடிக்கும். சின்னப் புழுன்னா ஒரு வாரம் பத்து நாள், பெரிய புழுன்னா அதை விட ரொம்ப இழுக்கும். செத்ததும் உடம்பு மம்மி மாதிரி விறைச்சு, முதல்ல வெள்ளையா பூத்து அப்புறம் பாசிப்பச்சை ஆயிடும். இது நேத்து வந்த சமாச்சாரமும் இல்ல, 1879லயே அன்னைய ரஷ்யப் பேரரசுல மெச்னிகோஃப்னு ஒரு விஞ்ஞானி கோதுமை வண்டுக்கு எதிரா இதை வளத்துப் பாத்திருக்கார்.

நூற்புழு ரூட்டு வேற. இதுல ஒரு குழப்பத்தை முதல்லயே தீத்துக்கலாம். நூற்புழுன்னு சொன்னதும் தக்காளி வேர்ல முடிச்சு முடிச்சா வருமே அதுதான் நமக்கு ஞாபகம் வரும், அது எதிரி. நாம பேசுற ஹெட்டிரோராப்டிடிஸ், ஸ்டெய்னர்நீமா ரெண்டும் பயிரைத் தொடாது, பூச்சியை மட்டும்தான் தேடிப் போகும், ஆபீசருங்க இபிஎன்னு சொல்றது இதைத்தான். கடையில வெறும் நூற்புழு மருந்துன்னு கேட்டா பேசிலோமைசஸ் பாக்கெட்டைக் குடுத்துடுவாங்க, அது வேர்முடிச்சு நூற்புழுவோட முட்டையை அழிக்கிற பூஞ்சாணம், வேலையே வேற. அதனால வெள்ளைப்புழுவுக்கு இபிஎன்னு தெளிவா கேளுங்க.

அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும் இந்த நூற்புழு. வாய், ஆசனவாய், மூச்சுத் துளை வழியா பூச்சிக்குள்ள புகுந்து, தன் குடல்ல வெச்சிருக்கிற பாக்டீரியாவைக் கக்கிவிடும், அந்த பாக்டீரியாதான் உண்மையில கொல்றது, ஒண்ணு ரெண்டு நாள்ல கதை முடிஞ்சிரும். அப்புறம் அந்தப் பொணத்துக்குள்ளயே நூற்புழு குட்டி போட்டுப் பெருகி லட்சக்கணக்குல வெளிய வரும். நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்குற வகை ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா. 1992ல இதை புது இனம்னு உலகத்துக்குச் சொன்னதே கோயம்புத்தூர் கரும்புல குருத்துத் துளைப்பான்ல இருந்து எடுத்துதான், அப்ப நம்ம மண்ணுக்கு இது சொந்தக்காரன், வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்த ஆள் இல்ல.

சரி, இவ்ளோ வேகமா கொல்லுதுன்னா நூற்புழு மட்டும் போதாதான்னு கேப்பீங்க. வேர்ப்புழு லேசுப்பட்டது இல்லீங்க. மண்ணுக்குள்ளயே பொறந்து வளந்ததால இந்த நூற்புழுவை சமாளிக்கிற வித்தையெல்லாம் அதுக்கு அத்துப்படி. மூச்சுத் துளையில சல்லடை மாதிரி ஒரு மூடி வெச்சிருக்கு, உடம்புல ஏறினா காலாலயும் வாயாலயும் துடைச்சு விடும், அடிக்கடி கழிஞ்சு பின்வாசல் வழியா வர்றதையும் வெளிய தள்ளிடும். நல்லா வளந்த புழுவை நூற்புழு மட்டும் வெச்சு ஜெயிக்கிறது கஷ்டம். பூஞ்சாணம் புடிச்ச புழு அப்படி இல்ல. சாகலைன்னாலும் காய்ச்சல்காரன் மாதிரி சோர்ந்து கிடக்கும், தீனி குறைஞ்சிடும், துடைச்சு விடுறதும் குறையும், உடம்புல எதிர்ப்புசக்தியும் போயிடும். அந்த நேரம் பாத்து நூற்புழுவை விட்டா சுலபமா உள்ள போயிடுது. பெல்ஜியத்துல வேர்ப்புழுவுல இதைச் சோதிச்சப்ப, மெட்டாரைசியம் போட்டு 3, 4 வாரம் கழிச்சு நூற்புழு விட்டதுலதான் ரெண்டும் தனித்தனியா கொல்றதைக் கூட்டினா வர்றதை விட அதிகமா புழு செத்திருக்கு.

ஒரே நாள்ல விட்டா? பயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரே பொணத்துக்கு ரெண்டு பேரும் சண்டை போடுவாங்க. நூற்புழுவோட பாக்டீரியா மத்த கிருமி எதுவும் வளராம இருக்க தானே ஒரு ஆன்டிபயாடிக் விடும், அதுல பூஞ்சாணமும் அடிபடும். பூஞ்சாணம் முந்திக்கிட்டு உடம்பு முழுக்கப் பரவிட்டா நூற்புழு உள்ள போனாலும் குட்டி போட முடியாது. கொஞ்சம் புழு சாகத்தான் செய்யும், ஆனா ரெண்டு காசு செலவு பண்ணி ஒண்ணரை காசு பலன்.

வண்டு, புழு எந்த மாசம் எங்க இருக்கும்

காலண்டர் தெரியாம இதுல இறங்க வேண்டாம். சித்திரை வைகாசியில முதல் கோடை மழை விழுந்ததும் பழுப்பு வண்டு மண்ணை விட்டு சாயங்காலம் வெளிய வந்து வேம்பு, முருங்கை, கருவேல மரத்துல கூட்டமா உக்காந்து இணை சேரும். அப்புறம் மண்ணுக்குள்ள முட்டை. ரெண்டு வாரத்துக்குள்ள பொரிஞ்சு வர்ற குட்டிப் புழு முதல்ல மக்குன எருவையும் சல்லிவேரையும்தான் திங்கும், இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வருது. ரெண்டு தடவை தோல் உரிச்சு மூணாவது பருவம் வந்ததும்தான் பெரிய வேரை மொத்தமா காலி பண்ணும், ஆடிக்கு அப்புறம் ஐப்பசி வரைக்கும் அந்த அட்டகாசம். அப்புறம் ஆழத்துக்குப் போய் கூட்டுப்புழு ஆகி, வண்டாகி, அடுத்த கோடை மழை வரைக்கும் மண்ணுக்குள்ளயே தூக்கம். வருசத்துக்கு ஒரு தலைமுறைதான். நம்மாளு கரும்பு மஞ்சளா ஆன பிறகு, அதாவது மூணாவது பருவத்துல மருந்து தேடுறான், அதான் எதுவும் கேக்க மாட்டேங்குது.

வண்டு வர்ற அந்த சில நாள் சாயங்காலம் ஏழு மணி வாக்குல வேப்ப மரத்துக் கிளையை உலுக்கி, கீழ சாக்கு விரிச்சு, விழுறதை மண்ணெண்ணெய் தண்ணியில போட்டுடுங்க, விளக்குப் பொறியும் வெக்கலாம். ஒரு பெட்டை வண்டு போனா ஒரு குடும்பமே போச்சு. இதை அக்கம்பக்கத்துக்காரங்களும் சேந்து செஞ்சாத்தான் அர்த்தம், இல்லைன்னா அவங்க தோட்டத்து வண்டு நம்ம தோட்டத்துல வந்து முட்டை வெக்கும்.

படி 1: தோண்டிப் பாருங்க

மழைக்கு அப்புறம் ஒரு மாசம் கழிச்சு, தோட்டத்துல அங்கங்க ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழம் குழி எடுத்து மண்ணை சாக்குல கொட்டி எண்ணுங்க. ஏக்கருக்குப் பத்துப் பன்னண்டு குழியாவது வேணும். வேர்ப்புழு தோட்டம் பூரா சமமா இருக்காது, மரத்தடி ஓரம், விளக்கு வெளிச்சம் விழுற பக்கம், எரு கொட்டின இடம்னு திட்டுத் திட்டா இருக்கும், அதைக் குறிச்சு வெச்சா நூற்புழு செலவைப் பாதியா குறைக்கலாம். இன்னொண்ணு, எருக்குழியில கட்டைவிரல் தண்டிக்கு இருக்கிற புழுவைப் பாத்து பயந்துட வேண்டாம், அது பெரும்பாலும் தென்னை காண்டாமிருக வண்டோட புழு, அது எருவைத் திங்குமே தவிர கரும்பு வேருக்கு வராது. தென்னை வெச்சிருக்கவங்களுக்கு மட்டும் அது எதிரி, அதுக்கும் மெட்டாரைசியம்தான் மருந்து.

படி 2: பூஞ்சாணத்தை எருவுல வளக்குறது

பாக்கெட்டுல பதிவு எண், தயாரிச்ச தேதி, காலாவதி, ஒரு கிராமுக்கு குறைஞ்சது 10 கோடி உயிருள்ள வித்து, இது நாலும் இருக்கான்னு பாருங்க. வெயில் படுற ரேக்குல அடுக்கி வெச்சிருக்கிற கடையில வாங்காதீங்க. ஏக்கருக்கு 2 கிலோ மெட்டாரைசியம், 200 கிலோ நல்லா மக்குன தொழு உரம். மக்காத சாணியில சூடு இருக்கும், பூஞ்சாணம் வெந்து போயிடும், கை விட்டுப் பாத்து குளிர்ச்சியா இருந்தாத்தான் கலக்கணும். நிழல்ல பரப்பி, வெல்லத் தண்ணி கொஞ்சம் தெளிச்சு, பூஞ்சாணத்தைத் தூவிக் கலந்து, ஈரம் பாருங்க. கையில புடிச்சா உருண்டை நிக்கணும், பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடி, மூணு நாளுக்கு ஒருக்கா புரட்டி விட்டு பத்து பதினஞ்சு நாள் வெச்சா போதும். கலக்குறப்ப மூக்குல துணி கட்டிக்குங்க, ஆளுக்கு நோய் வராதுன்னாலும் வித்துத் தூசு சில பேருக்கு தும்மலையும் அலர்ஜியையும் கிளப்பும்.

வைகாசி கடைசி ஆனி மாசம், மழை விழுந்து வண்டு வந்து போன மூணு வாரத்துல இந்த எருவை தூர் ஓரமா வேர்ப்பகுதியில போட்டு, மண்ணு அணைச்சு, தண்ணி விட்டுடுங்க. மண்ணு மேல சும்மா தூவி விட்டா வெயில் பட்டு ஒரே நாள்ல வித்து செத்துடும். நான் முன்னாடி ஞாபகம் வெச்சுக்க சொன்னது இங்கதான். குட்டிப் புழு எருவைத் தேடித்தான் வரும், வந்து பூஞ்சாணத்துல பொரண்டு போகும். அதாவது எருவே தூண்டில். அதனாலதான் தண்ணியில கரைச்சு ஊத்துறதை விட எருவுல குடுக்கிறது எனக்குப் புடிக்கும்.

பட்டுப்புழு வளக்குறவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. பூச்சியைக் கொல்ற இன்னொரு பூஞ்சாணமான பவேரியாவும் சரி மெட்டாரைசியமும் சரி பட்டுப்புழுவையும் கொல்லும். பவேரியாவைக் கண்டுபுடிச்சதே அப்படித்தான், 1835ல இத்தாலியில பாசின்னு ஒருத்தர் பட்டுப்புழு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து சாகுறதுக்கு இந்தப் பூஞ்சாணம்தான் காரணம்னு நிரூபிச்சார், பவேரியா பாசியானான்னு அவர் பேரையே அதுக்கும் வெச்சாங்க. மல்பெரித் தோட்டத்துக்கும் புழு மனைக்கும் பக்கத்துல இந்த வேலையே வேண்டாம், எரு கலக்குன கையோட, அதே வேட்டியோட மனைக்குள்ள போகவும் வேண்டாம்.

படி 3: மூணு நாலு வாரம் காத்திருங்க

இதுதான் கஷ்டமான படி, ஏன்னா செய்யுறதுக்கு ஒண்ணும் இல்ல. மண்ணு காயாம பாத்துக்கிட்டா போதும். ரெண்டு வாரம் கழிச்சு தோண்டினா விறைச்சுப் போன, பச்சை பூத்த புழு ஒண்ணு ரெண்டு கிடைக்கும், அதைத் தூக்கிப் போடாம அங்கயே தூர் பக்கத்துல புதைச்சுடுங்க, அதுல இருக்கிற வித்து அடுத்த புழுவுக்கு. எண்ணிக்கை ரொம்பக் குறையலையேன்னு பதட்டத்துல கெமிக்கல் ஊத்திடாதீங்க, உயிரோட இருக்கிறதுல நிறைய ஏற்கனவே சீக்காளிங்க.

இந்த இடைவெளியில கார்பென்டாசிம், மான்கோசெப், காப்பர் ஆக்சிகுளோரைடு மாதிரி பூஞ்சாணத்தைக் கொல்ற மருந்து எதையும் வேர்ல ஊத்தக்கூடாது. ட்ரைக்கோடெர்மா நல்ல பூஞ்சாணம்தான், ஆனா அது பக்கத்துல எவனையும் வளர விடாது, அதனால அதுக்கும் பதினஞ்சு நாள் தள்ளிக் குடுங்க. குருணை மருந்து சமாச்சாரம்: கார்போபியூரான் நம்ம நூற்புழுவையும் சேத்து முடிச்சுடும். ஃபோரேட் தடை பண்ணியாச்சு, ஆனா பழைய மூட்டை இன்னும் சில வீட்டு அட்டாலியில கிடக்கு, அதைக் கையாலயும் தொடாதீங்க. இமிடாகுளோபிரிட் மட்டும் விதிவிலக்கு, அது புழுவை மந்தமாக்கி நூற்புழுவுக்கு உதவுதுன்னு ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு, ஆனா இயற்கை விவசாயம்னு சர்டிஃபிகேட் வெச்சிருக்கவங்களுக்கு அது ஆகாது, எனக்கும் அது தேவைப்பட்டதில்ல.

படி 4: நூற்புழு உயிரோட இருக்கா, எவ்ளோ இருக்கு

கணக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25, அதாவது ஏக்கருக்கு 100 கோடி. நம்பர் பெருசா தெரியும், ஆனா பாக்கெட்லயே கோடிக்கணக்குல தான் இருக்கும். புழு திட்டா இருக்கிற 20 சென்ட்டுக்கு மட்டும் விடுறதா இருந்தா 20 கோடி போதும். படி 1ல குறிச்சு வெக்கச் சொன்னது இதுக்குத்தான்.

வாங்கினதும் ஒரு டெஸ்ட். பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணியில கலக்கி, நல்லா ஆட்டி, அதுல 1 மில்லி எடுத்து 99 மில்லி தண்ணியில விடுங்க. அதையும் ஆட்டி 0.1 மில்லி, ஆரஞ்சு மூடி இன்சுலின் சிரிஞ்சுல 10 யூனிட், சிகப்பு மூடின்னா 4 யூனிட், எடுத்து கண்ணாடித் துண்டுல விட்டு கருப்பு பேப்பர் மேல வெச்சு லென்ஸ்ல எண்ணுங்க. வர்ற எண்ணிக்கையை 10 லட்சத்தால பெருக்கினா பாக்கெட்டுல இருக்கிற மொத்தம். 50 வந்தா 5 கோடி. ரெண்டு மூணு சொட்டு எண்ணி சராசரி எடுத்துக்குங்க. நெளியுறது உயிர், ஊசி மாதிரி நேரா அசையாம கிடக்கிறது பெரும்பாலும் பொணம். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் மந்தமா இருக்கும், கால் மணி நேரம் வெளிய வெச்சுட்டுப் பாருங்க. ஒருதடவை நான் வாங்கிட்டு வர்ற வழியில கார்ல வெச்சுட்டு கல்யாணத்துக்குப் போயிட்டேன், வந்து பாத்தா அத்தனையும் ஊசி. அதுக்கப்புறம் தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் பாட்டிலும் இல்லாம போறதில்ல.

படி 5: விடுறது

ஆடி மாசம், மேகமூட்டமா இருக்கிற நாள் பாத்து சாயங்காலம் 5 மணிக்கு மேல. வெயில் பட்டா சில நிமிஷத்துலயே பாதி போயிடும். அன்னைக்குக் காலையிலயே தண்ணி விட்டு மண்ணை நனைச்சு வெச்சுடுங்க, நூற்புழு மண்துகள் மேல இருக்கிற தண்ணிப் படலத்துல நீந்தித்தான் போகும், காஞ்ச மண்ணுல அதுக்கு வழியே இல்ல. அதுக்காக தேங்கி நின்னாலும் மூச்சு முட்டி செத்துடும்.

கைத்தெளிப்பானோ பவர் ஸ்பிரேயரோ, உள்ள இருக்கிற ஃபில்டர் வலையைக் கழட்டிடுங்க, நாசில் முனையையும் எடுத்துட்டு தூரடியில ஊத்துற மாதிரி வெச்சுக்குங்க. முன்ன பூச்சிமருந்து அடிச்ச டேங்குன்னா சோப்பு போட்டு மூணு தடவை கழுவணும். வெயில்ல கிடந்த கருப்பு ஹோஸ்ல முதல்ல வர்ற சுடுதண்ணியை வெளிய விட்டுட்டு குளிர்ந்த தண்ணியைப் புடிங்க. நூற்புழு அஞ்சு நிமிஷத்துல அடியில தங்கிடும், கலக்கிட்டே இருக்கலைன்னா சில தூருக்கு வெறும் தண்ணி, சில தூருக்கு மொத்தக் கூட்டமும். ஏக்கருக்கு 400 லிட்டராவது தண்ணி வேணும். கரைச்சதை அன்னைக்கே தீத்துடணும், மறுநாளைக்குன்னு மூடி வெச்சா காத்தில்லாம செத்துடும். சொட்டுநீர்ல விடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, ஃபில்டரை பைபாஸ் பண்ணினா போகும், ஆனா லைன்ல கடைசி வரைக்கும் சமமா போறதில்ல, அதனால நான் கையாலதான் ஊத்துறேன்.

ஊத்தி முடிச்சதும் மறுபடி லேசா ஒரு தண்ணி, அது அவங்களை கீழ இறக்கும். அடுத்த ரெண்டு வாரம் மண்ணு ஈரப்பதமா இருக்கணும். களிமண் தோட்டம்னா நூற்புழு நகர்றதுக்கு கஷ்டம், செம்மண்ணும் மணல் கலந்ததும் இருக்கிறவங்களுக்கு பலன் நல்லா தெரியும். ஸ்டெய்னர்நீமா கார்போகேப்சேன்னு ஒண்ணு கிடைக்கும், அது மேல்மண்ணுல காத்துக்கிட்டு பக்கத்துல வர்றதைப் புடிக்கிற ரகம், ஆழத்துல இருக்கிற வேர்ப்புழுவைத் தேடிப் போகாது, வெட்டுப்புழுவுக்குத்தான் சரி. நமக்கு இண்டிகா.

ஏலக்காய் மலையில நூற்புழு தாக்குன மெழுகு அந்துப்பூச்சிப் புழுவோட பொணத்தையே வேரடியில புதைக்கிற பழக்கம் இருக்கு. பொணத்துல இருந்து நேரா மண்ணுக்குள்ள வர்றதால நல்லா வேலை செய்யும், நெருக்கமா நட்ட கரும்புக்கு ஆள்கூலிதான் கட்டுப்படியாகாது.

படி 6: என்ன நடந்துச்சுன்னு பாக்குறது

பத்து நாள் கழிச்சு தோண்டுங்க, பொணத்தோட நிறமே கதை சொல்லும். செங்கல் சிவப்பா தொளதொளன்னு இருந்தா நூற்புழு வேலை, நாத்தம் அடிக்காது. பச்சையா விறைச்சிருந்தா பூஞ்சாணம். கறுத்து நாறினா வேற ஏதோ கிருமியால அழுகினது, அது நம்ம கணக்குல சேராது. சிவந்த பொணத்தை ராத்திரி கும்மிருட்டு ரூம்ல பத்து நிமிஷம் கண்ணு பழகினப்புறம் பாத்தா மங்கலா ஒளிரும், அந்த பாக்டீரியாவோட குணம் அது. எங்க வீட்டு வாண்டுகளுக்குக் காட்டினேன், அன்னைல இருந்து தினமும் புழு தோண்டக் கூப்பிடுதுங்க.

எல்லாப் புழுவும் சாகாது. ஏற்கனவே காஞ்சு போன தூர் மறுபடி பச்சை ஆகாது. மூணாவது பருவம் வந்து புரட்டாசி ஐப்பசியில ஆரம்பிச்சா இந்த முறைக்கு பலன் கம்மி, அந்த வருசம் உழவு ஓட்டி பறவைக்கு விட்டுட்டு அடுத்த கோடை மழைக்குத் தயாராகுறதுதான் புத்திசாலித்தனம்.

மறுதாம்பு, அதாவது வெட்டின தூரையே மறுபடி தழைய விடுறவங்க, வெட்டு முடிஞ்சதும் தோகையை எரிக்காம பரப்பி விடுங்க, நிழலும் ஈரமும் இருந்தா பூஞ்சாணமும் நூற்புழுவும் மண்ணுல தங்கும். அடுத்த சித்திரையில தூரடி மண்ணை ஈரமா ஒரு டப்பாவுல எடுத்து, தேனீ வளக்குற யாராவது தூக்கிப் போடுற பழைய அடையில இருந்து மெழுகுப் புழு அஞ்சாறு வாங்கிப் போட்டு, மூடியில சின்னச் சின்ன ஓட்டை போட்டு, நிழல்ல ஒரு வாரம் வையுங்க. செவந்து செத்தா நூற்புழு இன்னும் இருக்கு, அந்தத் திட்டுக்கு இந்த வருசம் வாங்கவேண்டிய அளவைக் குறைச்சுக்கலாம், சாகாம இருந்துச்சுன்னா மறுபடி 100 கோடி கணக்குதான்.